பேசுறதுக்குப் படிக்கணுமா, ஷீபா அக்கா?

'மத்தியானச் சோறும் மைக்கும்' ரேடியோ நிகழ்ச்சியை நடத்தும் ஷீபா அக்கா அவர்களுக்கு, இலுப்பூர் பக்கத்திலிருந்து நிலவழகன் மதிப்பும் பாசமும் கொஞ்சம் கோபமும் கலந்து எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பா நலத்துக்கும் மேலே உற்சாகமாக இருக்கிறார், பிரச்சினையே அதுதான். அங்கு நீங்களும் உங்கள் மைக்கும் முக்கியமாக உங்கள் தொண்டையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். யூடியூபில் உங்கள் எபிசோடு எதை எடுத்தாலும் கீழே முதல் கமெண்ட் என்னுடையதுதான். 'அக்கா வாய்ஸ் வேற லெவல்' என்று போட்டுப் பக்கத்தில் நெருப்புப் படம் வைத்திருப்பேன். ஒரு தடவை நீங்கள் அதற்கு ஹார்ட் விட்டீர்கள், அந்த ஸ்கிரீன்ஷாட்தான் இன்றுவரை என் போன் வால்பேப்பர். வழக்கமாக வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவேன். இந்தத் தடவை உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். ஏனென்றால் நான் வாயைத் திறந்தாலே பக்கத்து ரூமிலிருந்து அப்பா, "மூச்ச வயித்துலேருந்து எடுடா" என்கிறார். அவர் வைத்திருக்கும் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை என்னைத் திருச்சியில் ஒரு ஒலிபரப்புப் பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள். ரேடியோவில் பேசுவது எப்படி என்று வருடம் முழுக்கச் சொல்லித்தருவார்களாம். இதைத் தடுக்க உங்களால் மட்டும்தான் முடியும். அதற்குள் உங்கள் நிகழ்ச்சியில் ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: 'ரேடியோவில் பேச ஸ்கூலெல்லாம் வேண்டாம்.' புதிதாக யோசிக்கக்கூட வேண்டியதில்லை, ஏற்கெனவே நீங்கள் சொன்னதுதான். ஆவுடையார்கோவிலிலிருந்து ஒரு பெண் போன் போட்டு, ஆர்ஜே ஆவதற்கு எங்கே படிக்கணும் என்று கேட்டபோது, "குரல எந்த ஸ்கூல்லயும் வச்சு விக்கிறதில்ல கண்ணு. மைக் முன்னாடி ஒக்காரு, பேசு, அவ்வளவுதான்" என்றீர்களே, அதை வெட்டி என் ரிங்டோனாக வைத்தேன். அன்றைக்குத்தான் என் வாழ்க்கை முடிவானது. யாராவது எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் என் வாழ்க்கை மறுபடி மறுபடி முடிவானது.

வீட்டில் எதிர்ப்பார்கள் என்று முழுத் தயாரிப்போடு இருந்தேன் அக்கா. ரேடியோவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா கத்துவார், அம்மா கண்ணைக் கசக்குவார், நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் நின்று திரும்பிப் பார்த்து ஒரு டயலாக் பேச வேண்டும். அந்த டயலாக்கை ரெக்கார்டு செய்து கேட்டு, இழுவையாக இருந்த இடத்தை எல்லாம் குறைத்து வைத்திருந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் நிதானமாக ரசம் ஊற்றிக்கொண்டார். "நல்ல வேலைதான். அதுக்கு எங்க படிக்கணும்?" என்றார். அக்கா, எதிர்க்கிற அப்பாவைச் சமாளிப்பது எப்படி என்று யூடியூபில் எக்கச்சக்க வீடியோ கிடக்கிறது. சம்மதிக்கிற அப்பாவை என்ன செய்வது என்று ஒரே ஒரு ஆள் பேசியிருக்கிறாரா? நான் வாசலுக்கும் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மோர் எடுத்து வரச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன்.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் குழந்தைசாமி. ஒன்றிய அலுவலகத்தில் வேலை. எதையும் முறையாகப் படித்து சர்டிபிகேட் வாங்கினால்தான் அந்த வேலை தெரியும் என்று அர்த்தம் என நம்புகிறவர். குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்ட பிளம்பரையே எங்கே படித்தாய் என்று கேட்டவர். அந்த அண்ணன் அன்றோடு எங்கள் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார், குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிப்பட்டவர் லீவு போட்டுத் திருச்சிக்குப் போய், அந்தப் பள்ளியின் விவரப் புத்தகத்தை வாங்கிவந்து, அதற்குக் காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, லேபிளில் என் பெயரையும் எழுதி மேசையில் வைத்துவிட்டார். உள்ளே புரட்டிப் பார்த்தேன். மூச்சுப் பயிற்சி, உச்சரிப்பு, மைக்கைக் கையாளுதல் என்று பாடம் பாடமாகப் போட்டிருக்கிறது. மைக்கை என்ன கையாளுவது, அது என்ன கன்றுக்குட்டியா? எனக்கு இதெல்லாம் தெரியாதா? மூன்று ஆப், இரண்டு சேனல், ஒரு வெள்ளைக்காரரின் இலவச வகுப்பு என்று எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்தவன் நான்.

சும்மா பார்த்ததோடு நிற்கவில்லை, ஸ்டுடியோவே கட்டினேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் எல்லாம் மெத்துமெத்தென்று இருக்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னார். எங்கள் வீட்டில் மெத்துமெத்தென்று இருந்தது கடலை மூட்டைதான். விலை ஏறட்டும் என்று பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் நாலு மூட்டையை நகர்த்தி உள்ளே போய் உட்கார்ந்து பேசினால், அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், குரல் அப்படியே தேன் மாதிரி வழியும். என்ன, கடலைத் தூசியில் தும்மல் வரும், அதை மட்டும் எடிட்டில் எடுத்துவிடுவேன். அங்கேயிருந்துதான் 'நிலவோடு நீங்கள்' என்ற என் பாட்காஸ்ட் உலகத்துக்குப் போனது. கேட்டவர்களில் பாதிப் பேர் மஸ்கட்டில் இருக்கும் மாமா, அதாவது அவர் இரண்டு போனில் கேட்பார். அப்புறம் கடலை விலை ஏறியது. விலை ஏறியதும் என் ஸ்டுடியோ லாரியில் ஏறியது. நான் உள்ளே இருந்து மனஅமைதி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே லோடுமேன் அண்ணன்கள் வந்து சுவரை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசி மூட்டையைத் தூக்கியவர், "தம்பி, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி ஒக்காந்து பேசுங்க" என்றார். அந்த எபிசோடை அப்படியே ஏற்றிவிட்டேன். மாமா மட்டும் நன்றாக இருந்தது என்றார்.

சரி, ஸ்டுடியோ போனால் என்ன, களம் இருக்கிறதே என்று நினைத்த நேரத்தில்தான் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு வந்தது. வருடா வருடம் மைக்கில் வர்ணனை சொல்கிறவர் சந்தனம் அண்ணன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர் ஜல்லிக்கட்டுக்கும் அவர்தான். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், விழாக் கமிட்டித் தலைவர் கருப்பன் மாமா வேறு வழி இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். வாடிவாசலுக்கு மேலே மேடை, கையில் மைக், எதிரே நம் மாவட்டமே திரண்டு நிற்கிற மாதிரி கூட்டம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ அதைத்தான் செய்தேன். "ஹாய் ஹலோ மக்களே, எல்லாரும் சாப்டீங்களா" என்று ஆரம்பித்தேன்.

இப்போது நடந்ததை நீங்கள் நியாயமாகக் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் முதலில் கோயில் காளையைத்தான் அவிழ்ப்பார்கள். அது சாமி மாடு. அதை யாரும் பிடிக்கக்கூடாது, கும்பிட்டு வழிவிட வேண்டும். மைக்கில் இருக்கிறவர், கோயில் காளை வருது, யாரும் தொடாதீங்க என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லாதே, கேட்கிறவனை ஏங்க வை என்று அந்த மூன்று ஆப்பிலும் சொல்லியிருந்தார்கள். அதனால் நான், "மொதல்ல வரப்போறது யாரு? கெஸ் பண்ணுங்க மக்களே. ஒரு க்ளூ தரட்டுமா, கழுத்துல மாலை இருக்கு" என்று சஸ்பென்ஸ் வைத்தேன். நான் க்ளூ கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வாசலைத் திறந்துவிட்டார்கள். கறம்பக்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு பையன், கோயில் காளை எப்போதோ போய்விட்டது என்று நினைத்து, பாய்ந்து திமிலைப் பிடித்துத் தொங்கிவிட்டான். எல்லைக் கோடு தாண்டும்வரை விடவே இல்லை. எங்கள் சாமி மாட்டை யாரோ பிடித்து ஊரே பார்த்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் மூச்சுவிடவில்லை. ரேடியோவில் இப்படிச் சத்தமில்லாத இடைவெளி விழவே கூடாது அக்கா, அதுவும் ஆப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் அதை நிரப்பினேன். "சூப்பர், வெற்றி பெற்ற வீரருக்கு ஒரு அண்டா" என்று அறிவித்துவிட்டேன்.

கருப்பன் மாமா மேடை ஏறி வந்து மைக்கைப் பிடுங்கினார். மைக்கோடு என் தோளில் கிடந்த கமிட்டித் துண்டையும் பிடுங்கினார். அப்புறம் சந்தனம் அண்ணன் கட்டிய தொண்டையோடு மேலே ஏறி மிச்ச மாடுகளுக்கு வர்ணனை சொன்னார், என்ன சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் பையனும் கோயிலில் தேங்காய் பழம் வைத்து விழுந்து கும்பிட்டோம். விழுந்து கிடக்கும்போதே அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணே, அண்டா எங்க வாங்கணும்?" என்று கேட்டான். கமிட்டி தரமாட்டோம் என்றுவிட்டது. அவன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், மைக்கில் சொன்ன வார்த்தை என்றால் வார்த்தைதான் என்றார், உள்ளே போய் அம்மாவின் கல்யாணச் சீர் அண்டாவைத் தூக்கி வந்து கொடுத்துவிட்டார். அதுவரைக்கும் என் அம்மா செவந்தி இந்த விஷயத்தில் யார் பக்கமும் இல்லை. அந்த அண்டா பைக்கில் ஏறித் தெருமுனை திரும்பியதும், "இவன திருச்சிக்கு அனுப்புங்க. இன்னிக்கே போனாலும் சரி" என்றார்.

"இதுக்குத்தான் படிக்கணுங்கிறது" என்று அப்பாவும் ஆரம்பித்தார். நான் விடவில்லை. எந்த ஸ்கூலில் கோயில் காளைக்குப் பாடம் வைத்திருக்கிறான், சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். சரியான கேள்விதானே? அப்பா பள்ளிக்கு போன் போட்டு அதை அப்படியே கேட்டார் அக்கா. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு மேடம், மாடு பற்றிப் பாடம் இல்லை சார், ஆனால் கேட்கிறவங்களுக்கு எது அவசரமோ அதை முதலில் சொல்லணும் என்பதுதான் எங்கள் முதல் வகுப்பே என்றார்கள். அப்பா போனை வைத்துவிட்டு, காக்கி அட்டைப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அதற்கும் ஆள் வைத்திருந்தேன். சந்தனம் அண்ணனையே சாட்சிக்குக் கூட்டிவந்தேன். எந்தப் பள்ளிக்கும் போகாமல் வாயாலேயே குடும்பம் நடத்துகிற மனிதர், இவரைவிட வேறு ஆதாரம் வேண்டுமா? வீட்டு ஹாலில் அப்பாவுக்கு எதிரே உட்கார வைத்து, "அண்ணே, நீங்க எங்க படிச்சீங்கன்னு அப்பாட்ட சொல்லுங்க" என்றேன்.

"நா எங்க தம்பி படிச்சேன்? இலுப்பூர் சந்தையில ஏலம் போட்டுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, காக்கி அட்டைப் புத்தகத்தைச் சந்தனம் அண்ணன் கையில் கொடுத்தார். அவர் மெதுவாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். "தொண்டை கட்டாமப் பேசுறதுக்கு எல்லாமா பாடம் வச்சிருக்காங்க?"

"மொத மாசம் பூரா அதான்" என்றார் அப்பா.

"சீசன் முடிஞ்சா எனக்குக் கொரலே வாரதில்லண்ணே. வீட்ல சைகையிலதான் சோறு கேக்குறேன். அவ அந்த நேரம் பாத்துத்தான் வருசத்துச் சண்டைய எல்லாம் போடுறா. திருப்பி ஒரு வார்த்தை பேச முடியல." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தார். "வயசு வரம்பு எதுவும் வச்சிருக்காங்களாண்ணே?"

என் சாட்சி, நான் கூட்டிவந்த சாட்சி, என் கண் முன்னால் அட்மிஷன் கேட்டார். அப்பா அவருக்குப் பேனா கொடுத்தார். அம்மா அவருக்கு மட்டும் காபி கொடுத்தார். நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்.

மிச்சமிருந்தது நீங்கள்தான் அக்கா. கடைசி ஆயுதமாக உங்கள் குரலையே அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். 'குரல எந்த ஸ்கூல்லயும் வச்சு விக்கிறதில்ல' என்று நீங்கள் சொன்னதும் அப்பா தலையாட்டினார். நல்லா பேசுது இந்தப் பொண்ணு, முழுசா போடு என்றார். முழுசா போட்டேன். அது முடிந்ததும் அடுத்த எபிசோடு தானாக ஓட ஆரம்பித்தது, நானும் வேறு வேலையாக உள்ளே போய்விட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. திரும்பி வந்தால் நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் குரல். அதே தேன். "குரல் மட்டும் போதாது, முறையான பயிற்சி வேணும். திருச்சியில நான் படிச்ச அதே ஒலிபரப்புப் பள்ளி, இப்போ அட்மிஷன் நடக்குது." அக்கா, நான் இரண்டு காதையும் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டுக் கேட்டேன். நான் படிச்ச பள்ளின்னு சொல்றீங்க. அப்ப அந்த ஆவுடையார்கோவில் பொண்ணுகிட்டச் சொன்னது யாரு? என் ரிங்டோன்ல இருக்குறது யாரு? எனக்கு ஹார்ட் விட்டது இதுல எந்த ஷீபா?

அப்பா அதிலிருந்து உங்கள் ரசிகர் ஆகிவிட்டார். மத்தியானம் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களைத்தான் கேட்கிறாராம். ஆனால் நியாயமான மனிதர். இரண்டு விதமாகச் சொல்லியிருக்காங்க, எது சரின்னு அவங்களே சொல்லட்டும், அவங்க வேணாம்னு சொன்னா நான் விட்டுர்றேன் என்று அம்மா முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறார். அண்டாவைத் தூக்கிக் கொடுத்த மனிதர், சொன்னால் செய்வார். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

அந்தப் பள்ளியின் குரல் தேர்வுக்கும் நானும் சந்தனம் அண்ணனும் போய்விட்டு வந்தாயிற்று. அப்பாவின் மனத்திருப்திக்காகத்தான் போனேன், வேண்டுமென்றே மோசமாகப் படித்துவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் திட்டம். பஸ்ஸில் மூக்கால் பேசிப் பழகிக்கொண்டே போனேன். ஆனால் கண்ணாடி அறைக்குள்ளே நல்ல மைக் ஒன்றைப் பார்த்ததும் மனது கேட்கவில்லை. வானிலை அறிக்கை படிக்கச் சொன்னார்கள். 'புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்' என்ற வரியை, மழையை நினைத்து ஏங்குகிற ஒருவன் மாதிரி, நிறுத்தி, பெருமூச்சு விட்டு, அடித்தொண்டையில் படித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்கள். தாங்க முடியவில்லை போல. என்னைக் கட்டாயம் எடுத்துவிடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் பயமே அதுதான். எல்லாம் தெரிந்த ஒருவன் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து 'அ' எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள் அக்கா. அதற்குள் எத்தனை எபிசோடு போட்டிருப்பேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிடுங்கள். என் பெயர் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, சொன்னால் சந்தோஷம். அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சந்தனம் அண்ணன் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னார், சைகையில். உங்கள் தொண்டைக்கு ஒரு குறையும் வராமல் எங்கள் ஊர்ச் சாமி காக்கட்டும், என் பெயரைச் சொல்லி வேண்டினால் இப்போதைக்குக் கேட்காது, அதனால் அம்மாவை விட்டு வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உங்கள் முதல் கமெண்ட்,
கு. நிலவழகன்

பி.கு.: அக்கா, அனுப்பப் போற நேரத்துல ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சு. என்ன எடுக்கலையாம். சந்தனம் அண்ணன எடுத்துட்டாங்களாம். அந்த மேடம் ரொம்பப் பொறுமையாத்தான் பேசுனாங்க. "எதுவுமே தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம் தம்பி. ஒங்களுக்கு எல்லாமே தெரியுது. தெரிஞ்சதெல்லாம் தப்பாத் தெரியுது. மறந்துட்டு அடுத்த வருசம் வாங்க" அப்படின்னாங்க. அதக் கேட்டதும் அப்பா அப்படியே மாறிட்டார். எம் மகனுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாதவன்லாம் ஒரு ஸ்கூலு நடத்துறான், சர்டிபிகேட்டுல என்ன இருக்கு, நீ வீட்லயே பேசுடாங்கிறார். அவருக்கு என்னக்கா தெரியும்? நீங்களே படிச்ச ஸ்கூலு. படிக்காம எப்படிக்கா மைக் முன்னாடி போய் ஒக்கார்றது? அதனால மேல எழுதுனத எல்லாம் விட்ருங்க, அந்த வரியத் தயவுசெஞ்சு சொல்லிராதீங்க, அப்பா ஒங்க நிகழ்ச்சிய தினமும் கேக்குறார். அதுக்குப் பதிலா அந்த மேடத்துக்கு ஒரே ஒரு போன் மட்டும் போடுங்கக்கா. நிலவழகன எனக்கு நல்லாத் தெரியும், அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க.